கட்டியக்காரனுக்குக் கட்டை கிடையாது

கூத்தில் முதலில் வருகிறவன் கட்டியக்காரன். விடிகிறவரை ஆட்டத்தை விட்டுப் போக முடியாதவனும் அவன்தான். துரியோதனன் வேசம் கட்டினவர் நாலு பாட்டுப் பாடி ஆடிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து டீ குடிக்கலாம். கட்டியக்காரனுக்கு அந்த வசதி இல்லை. திரை பிடித்ததும் 'வந்திருப்பது யார், எந்த தேசம்' என்று கேட்பவன் அவன். ராஜா கொலுவுக்கு வந்தால் வாயிற்காவலன். ராணி வந்தால் எடுபிடி. தூது போக ஆள் வேண்டுமென்றால் தூதன். தேர் ஓட்ட ஆள் இல்லையென்றால் சாரதி. ராஜா விருத்தம் பாடுவார். அதை நம்ம சனங்களுக்குப் புரிகிற மாதிரி உடைச்சிச் சொல்றதும் இவன் வேலை. இத்தனையும் செய்கிறவனுக்கு ஒரு பேர் கிடையாது. வியாசரும் வைக்கவில்லை, வில்லிபுத்தூராரும் வைக்கவில்லை. செய்கிற வேலையே பேர். தோட்டி, வெட்டியான், தலையாரி என்று நம்மை வேலையைச் சொல்லியே கூப்பிட்டார்களே, அந்த மாதிரி.

இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது தோழர்களே. கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கர்ணனை எழுதுகிறார்கள், திரௌபதியை எழுதுகிறார்கள். கட்டியக்காரனுக்கு வரும்போது 'கோமாளி', 'நகைச்சுவைப் பாத்திரம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எழுதத் தெரிந்த சிலர் அவனைத் தலையில் தூக்கி வைத்து, 'அதிகாரத்தை நையாண்டி செய்யும் கலகக்காரன்' என்கிறார்கள். ரெண்டுமே அவனுக்கு நியாயம் செய்வதாக எனக்குப் படவில்லை.

முதலில் இவன் எந்த வகைக் கதையில் வருகிறவன் என்று பார்த்துவிடலாம். இப்போது உலகமெங்கும் ஒருவகைக் கதைக்கு நல்ல கிராக்கி. பேயும் பிசாசும் தேவனும் தேவதையும் காடு மலையை விட்டுவிட்டு நகரத்துக்குள் குடிவந்துவிடுகிற கதை. மின்சார ரயிலில் வேதாளம், அடுக்குமாடி வீட்டில் யட்சி. நகரத்து மாயக்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைகள் பலவற்றில் ஒரு நாடகக் கொட்டகையோ அருங்காட்சியகமோ கலை மன்றமோ இருக்கும். அங்கே ஒரு வாட்ச்மேன் இருப்பார், அல்லது டிக்கெட் கிழிக்கிறவர், கூட்டிப் பெருக்குகிற அம்மா. ரகசியக் கதவு எங்கே இருக்கிறது என்று அந்த ஆளுக்குத்தான் தெரியும். கதாநாயகனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, எச்சரிக்கையாய் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த ஆள் கதையிலிருந்து காணாமல் போய்விடுவார். இதற்குப் பெயர் துணைப் பாத்திரம். யாருக்குத் துணை? அதை யாரும் கேட்பதில்லை.

இதற்கெல்லாம் பாட்டன் மாதிரி ஒரு கதை பிரான்சில் இருக்கிறது. கஸ்தோன் லெரூ எழுதிய 'ஓபராவின் பேய்'. 1910இல் நூலாக வந்தது. பாரிஸ் நகரத்து ஓபரா அரங்கில் ஒரு பேய் உலவுகிறது. ஐந்தாம் எண் பாக்ஸ் அதற்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த பாக்ஸைத் திறந்துவிட்டு, பேய்க்குப் பணிவிடை செய்பவர் ஜிரி அம்மாள் என்கிற ஏழைப் பணிப்பெண். பேயின் குரலைக் கேட்டவர், அது கொடுக்கும் சில்லறையை வாங்கிக்கொண்டவர், அதைப் பார்த்துப் பயப்படாதவர். புதிதாக வந்த நிர்வாகிகள் அவரைக் கேலி செய்து வேலையை விட்டு நீக்குகிறார்கள். அவருடைய இடத்துக்கு இன்னொரு வேலைக்காரப் பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். அன்று ராத்திரி அரங்கத்தின் பெரிய சரவிளக்கு அறுந்து விழுகிறது. செத்தது யார் தெரியுமா? அந்த வேலைக்காரப் பெண் மட்டும்தான். சீமான்கள் நிறைந்த அரங்கத்தில் விளக்கு தேடிப்பிடித்து விழுந்தது கூலிக்காரியின் தலையில்.

கதை அதோடு நிற்கவில்லை. 1986இல் அதே கதை லண்டனில் பெரிய இசை நாடகமாக வந்தபோது, ஜிரி அம்மாள் பாக்ஸ் திறக்கிற பணிப்பெண்ணாக இல்லை. நாட்டியக் குழுவை நடத்தும் ஆசிரியையாக்கிவிட்டார்கள். பெரிய மேடைக்குக் கதை போகும்போது பணிப்பெண்ணின் வேலையே துடைத்து எடுக்கப்படுகிறது. ஆள் இருப்பாள், துடைப்பம் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கதைக்கு உதவும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நகரத்து மாயக்கதை ஒன்றும் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' இதே காஞ்சித் தெருவில் நடக்கிற கூத்து. குடிபோதையில் ஒரு கபாலி தன் மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுத் தெருத்தெருவாய்த் தேடுகிறான். புத்த பிக்குவின் மேல் பழி போடுகிறான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து பிடுங்கி வந்தவன் ஒரு பைத்தியக்காரன். ஊர்ப் பெரியவர்கள் அடித்துக்கொண்ட வழக்குக்கு விடை வைத்திருந்தது தெருவில் திரிகிற பைத்தியம்! ஆனால் ராஜா எழுதிய நாடகம் அல்லவா? பழைய நாடக மரபுப்படி கபாலி சமஸ்கிருதம் பேசுகிறான். அவனுடைய துணைவியும் பைத்தியக்காரனும் பிராகிருதம் பேசுகிறார்கள். உண்மை யாரிடம் இருந்தாலும் மேலான பாஷை யாருக்கு என்பது எழுத ஆரம்பிக்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லலாம். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்து நீருக்குள் கிடக்கும் அத்தி வரதர் 40 வருசத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979இல் வந்தார், 2019இல் வந்தார், 48 நாள் இருந்தார். லட்சக்கணக்கில் சனம் வந்து குவிந்தது. தண்ணீருக்கடியில் தூங்கும் தெய்வம் எழுந்து வருகிற ஊரை விடப் பெரிய மாயக்கதை எது? அந்த 48 நாளும் அத்தனை சனத்தின் எச்சில் இலையையும் பாட்டிலையும் மலத்தையும் அள்ளிச் சுத்தம் செய்தவர்கள் எந்தக் கதையில் வருகிறார்கள்? ஸ்தல புராணம் எழுதுகிறவர்கள் அவர்களுக்கு ஒரு வரி ஒதுக்குவார்களா?

இப்போது கட்டியக்காரனுக்கு வருவோம். மாயக்கதைக்கு வேண்டிய வேலையை அவன் ஒண்டி ஆளாய்ச் செய்கிறான். அஸ்தினாபுரத்தைக் கொண்டுவந்து நம்ம ஊர்க் களத்துமேட்டில் இறக்கிவைக்கிறவன் அவன்தான். துரியோதனன் தொண்ணூற்றொன்பது தம்பிமாரோடு வருகிறான் என்று ஒரு மூச்சில் சொல்வான். அடுத்த மூச்சில் 'ராஜா, ரேசன் கடையில சர்க்கரை போடலியாம்' என்பான். சனம் சிரிக்கும். இதிகாசத்துக்கும் ரேசன் கடைக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து மூடுகிற வாட்ச்மேன் கட்டியக்காரன். அவன் இல்லாவிட்டால் கூத்து வெறும் புராணமாய்ப் போகும்.

சரி, கட்டியம் என்றால் என்ன? அரசனுடைய வருகையையும் புகழையும் உரக்கச் சொல்வது. அடுத்தவன் பெருமையைத் தன் தொண்டையால் சொல்வது. நம்ம பாட்டன் பூட்டன் பார்த்த வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஊர்க்கூட்டம், வரி பாக்கி, ஏரி மதகு, சாவுச் சேதி, எல்லாவற்றையும் பறையடித்துத் தெருத்தெருவாய்ச் சொன்னது யார்? 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடுவதைத் தடை செய்யச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். 1947க்குப் பிறகு 75 வருசம் ஆகியிருக்கிறது, ஒரு மனிதன் கழுத்தில் தப்பு மாட்டி அரசாங்க அறிவிப்பைச் சொல்ல வைப்பது கேவலம் என்று அரசாங்கத்துக்கு உறைக்க. தொண்டை நம்முடையது, செய்தி அவர்களுடையது. கட்டியக்காரன் கதையும் இதுதான். கூத்துக்களத்தில் அவனுக்குக் கொஞ்சம் கேலி பேச அனுமதி உண்டு. தண்டோரா போட்டவனுக்கு அதுவும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

'அந்தக் கேலிதானே கலகம்' என்று நண்பர்கள் கேட்பார்கள். 1990களில் நம்ம சிறுபத்திரிகைகளில் பக்தின் பெயர் நிறைய அடிபட்டது. ஐரோப்பியத் திருவிழாக்களில் ராஜா கோமாளி ஆவதையும் கோமாளி ராஜா ஆவதையும் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, நம்ம கூத்தையும் அந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' நூலில், உயர்சாதி இழிவென்று ஒதுக்கியதையே எதிர்ப்பின் ஆயுதமாக எடுப்பது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு நமக்கு முதுகெலும்பு கொடுத்தது, மறுப்பதற்கில்லை. நக்கலும் நையாண்டியும் வசவும் நம்ம சனங்களின் படைக்கலன்தான்.

ஆனால் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. கட்டியக்காரன் ராத்திரி முழுக்க ராஜாவைக் கிண்டலடிக்கிறான். விடிஞ்சா வேசம் கலையும், ஊர் கலையுதா? திருவிழாவுக்கு முந்தின நாள் தெருக்குழாயில் யார் எங்கே நின்றார்களோ, அடுத்த நாளும் அங்கேதான் நிற்கிறார்கள். ஒரு ராத்திரிக்குக் குத்தகைக்கு விட்ட வாய் அது. குத்தகை முடிந்ததும் வாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அனுமதி கொடுத்தவனே சிரித்துக்கொண்டு கேட்கிற கலகத்தால் அவனுக்கு என்ன சேதம்?

இன்னொரு கசப்பான விசயம். அந்தக் கேலி எந்தப் பக்கம் பாய்கிறது என்று உட்கார்ந்து கவனியுங்கள். பத்து கிண்டலில் ரெண்டு மேலே போகும். மிச்சம் கீழே விழும். பெண்டாட்டியைப் பற்றி, கறுத்த பெண்ணைப் பற்றி, நொண்டியைப் பற்றி, குறத்தியைப் பற்றி, வண்ணானைப் பற்றி, சேரிப் பேச்சைப் பற்றி. சிரிப்பு வரவழைக்க வேண்டும் என்றால் நம்ம பேச்சை இழுத்துப் பேசினால் போதும் என்று ஆகியிருக்கிறது. தான் அடி வாங்குகிற கை, தனக்குக் கீழே ஆள் தேடுகிறது. அம்பேத்கர் சாதியை 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று சொன்னது இதைத்தான். அந்தப் படிக்கட்டு கோமாளியின் நாக்கு வரைக்கும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதைப் பேசாமல் கட்டியக்காரனைக் கலகக்காரன் என்று மாலை போடுவது அவனையும் ஏமாற்றும் வேலை, நம்மையும் ஏமாற்றும் வேலை.

அப்படியானால் பாரதத்தில் வேலைக்காரன் உண்மையிலேயே கேள்வி கேட்ட இடம் எதுவும் இல்லையா? இருக்கிறது. சூதாட்டத்தில் தருமன் திரௌபதியைத் தோற்றதும் துரியோதனன் அவளை அழைத்துவர முதலில் அனுப்பியது துச்சாதனனை அல்ல. பிராதிகாமி என்கிற ஏவலாள். வியாச பாரதத்தின் சபா பருவத்தில் இது விரிவாக வருகிறது. அவன் போய்ச் சொல்கிறான். அவள் கேட்கிறாள்: என்னைத் தோற்றது முன்னாலா, தன்னைத் தோற்றது முன்னாலா என்று உன் ராஜாவைக் கேட்டு வா. அந்தக் கேள்வியைச் சபை நடுவில் கொண்டுவந்து வைத்தவன் இந்த ஏவலாள். பீஷ்மரும் துரோணரும் வாய் மூடி உட்கார்ந்திருந்த இடத்தில், அடிமைக்கு இன்னொருத்தரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்கிற கேள்வியின் முதல் சத்தம் ஒரு சூத மகனின் தொண்டையில் இருந்து வந்தது. தருமன் பதில் சொல்லவில்லை. துரியோதனன் மறுபடி அவளை இழுத்துவரச் சொன்னபோது, அவன் சட்டென்று போய்விடவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று சபையைப் பார்த்துக் கேட்டான். உடனே அவன் பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்கப்பட்டான், துச்சாதனன் எழுந்தான். அதற்குப் பிறகு நமக்குத் தெரியும்.

பாரதம் முழுக்கத் துகிலுரிதலைப் பாடியிருக்கிறது. கேள்வியைச் சுமந்து வந்து, தயங்கி நின்ற அந்த ஏவலாளைப் பாட ஆள் இல்லை. கேலி பேசும் வேலைக்காரனைச் சபை பொறுத்துக்கொள்ளும். கேள்வியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வேலைக்காரனைப் பொறுக்காது. கேலிக்கும் கேள்விக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளிதான் நம்ம அரசியல்.

கூத்துக்களத்தை விட்டுக் காஞ்சிபுரத்துத் தறிக்கு வாங்க. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கிற கோர்வைச் சேலைக்கு மூணு நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருத்தரால் மூணையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளுவதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த இடத்தில் வருசக்கணக்காய் உட்கார்ந்தது பிள்ளைகள். அப்பனோ ஆத்தாளோ வாங்கின முன்பணத்துக்கு ஈடாகப் போன பிள்ளைகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, காஞ்சிபுரமும் அதில் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தச் சனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெய்கிறவரும் முதலாளிக்குக் கடன்பட்ட ஏழைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கல்யாணச் சேலையை விரித்துக் காட்டி 'என்ன கைத்திறன்' என்று வியக்கும்போது, நெசவாளி பேராவது ஒரு வார்த்தையாக வருகிறது. கரை நாடா தள்ளின பையன் அந்த வார்த்தையிலும் இல்லை. தறியிலும் ஒரு கட்டியக்காரன்.

இப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில்தான் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தின் கலை மையம் இருக்கிறது. பரம்பரைக் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னா டி புருயினும் கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ராஜகோபால் சின்ன வயசிலேயே படிப்பை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர். தன்னைப் போலப் பிள்ளைகள் கூத்துக்காகப் படிப்பை இழக்கக்கூடாது என்பதால் 2002இல் குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆம்பளைங்க மட்டுமே வேசம் கட்டின கலையில் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2020இல் குருகுலம் நின்றுபோனது. பட்டுக்குப் பெயர்போன ஊரில், தறியில் உட்காரப் போகக்கூடிய வயசுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலைத் திறந்துவைத்த 18 வருசம் அது. அதன் அருமையை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஒரு பெண் பிள்ளை கட்டியக்காரனாக வந்து நின்றாலே, பெண்டாட்டியைப் பற்றிய கிண்டலில் பாதி செத்துப்போகும். இது சின்ன விசயமா?

அவர்கள் இன்னொரு சண்டையும் போட்டார்கள், பேர்ச் சண்டை. 'தெருக்கூத்து' என்கிற சொல்லில் தெருவைக் கேவலமாகப் பார்க்கிற படித்தவன் பார்வை இருக்கிறது, கலைஞர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற 'கட்டைக்கூத்து' என்பதே சரி என்றார்கள். தன் பேரைத் தானே சொல்லும் உரிமை என்ன விலை பெறும் என்று நமக்குத் தெரியும். அரிசனன் என்று ஒருத்தர் வைத்த பேரைத் தூக்கி எறிந்தவர்கள் நாம். அதனால் அந்த உரிமையை மதிக்கிறேன். மதித்துக்கொண்டே ஒரு கேள்வி வைக்கிறேன். கட்டை என்பது என்ன? ராஜாவும் வீரனும் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டுகிற மர அணிகள். கண்ணாடி பதித்து, பளபளவென்று. அதைக் கட்டினால் கட்டை வேசம். கட்டியக்காரனுக்கோ கட்டை கிடையாது. தொளதொளக் கால்சட்டை, ஒரு குல்லா, தீர்ந்தது. கூத்துக்கே ராஜாவின் நகையை வைத்துப் பேர் வைக்கும்போது, ராத்திரி முழுக்கக் கால் கடுக்க நின்றவன் எந்தப் பேரில் அடங்குகிறான்? சங்கத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. விடுதலை பெறுகிற ஒவ்வொரு பேரும் யாரையோ ஒருத்தரை வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். தலித் என்ற நம்ம பேருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அருந்ததியரும் புதிரை வண்ணாரும் நம்மைப் பார்த்து இதைத்தான் கேட்கிறார்கள்.

கூத்து இப்போது பெரிய மேடைகளுக்கும் போகிறது. 1977இல் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தொடங்கிய பின் சென்னை நாடகக்காரர்கள் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றுக்கொண்டார்கள். 2017இல் டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கட்டைக்கூத்துச் சங்கமும் சேர்ந்து கர்நாடக இசையையும் கூத்தையும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். நல்லது, போகட்டும். ஆனால் எட்டு மணி நேரக் கூத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்குகிற எவரும் ஜிரி அம்மாளை மறக்கக்கூடாது. பாட்டை வெட்ட முடியாது, சண்டையை வெட்ட முடியாது, திரௌபதி சபதத்தை வெட்டவே முடியாது. கத்தரிக்கு வாகாகக் கிடைப்பது கட்டியக்காரனின் பேச்சு. எழுதி வைக்காத பேச்சு, அன்றன்றைக்கு வாயில் வருகிற பேச்சு. வெட்டினாலும் பிரதியில் தடம் தெரியாது. பணிப்பெண் நாட்டிய ஆசிரியை ஆன கதை இங்கேயும் நடக்கக் காத்திருக்கிறது.

மேடைக்கு முன்னால் களம் ஒன்று இருக்கிறதே, அதையும் பேசிவிடுவோம். வட தமிழ்நாட்டில் பாரதக் கூத்து பெரும்பாலும் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் நடப்பது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம்ம பிள்ளைகள் 2023 ஏப்ரலில் அடிக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். பூசைக்காக 2024இல் திறந்தார்கள். போலீஸ் காவலோடு நம்ம சனங்கள் உள்ளே போனது 2025 ஏப்ரலில். அடிமை ஆனவன் இன்னொருத்தரை வைத்துச் சூதாடலாமா என்று கேட்டவளுடைய கோயில் அது! அவள் வாசலிலேயே இந்த நிலை. பேர் இல்லாத கட்டியக்காரன்கூட துரியோதனன் சபைக்குள் வேலைக்காரனாகப் போய் வருகிறான். பேரும் ஓட்டும் சட்டமும் இருக்கிற நாம் வாசலில் நிற்கிறோம். வேலைக்காரனாக வந்தால் கதவு திறக்கும், சமமாக வந்தால் சீல் விழும். சாதியின் இலக்கணம் ஒரே வரியில் இதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கூத்தே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. நம்ம சேரிகளிலும் ஜமா உண்டு, வேசம் கட்டுகிற கைகள் உண்டு, விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிற கண்கள் உண்டு. கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' எழுதிக் காட்டிய பிறகு, தலித் நாடகம் எப்படி இருக்கும் என்று யாரும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியபோது, சாவுக்கு அடித்த பறையும் கானாவும் தன் செய்தியைத் தானே சொல்லிற்று. அந்த வேலையைக் கூத்திலும் செய்ய முடியும்.

முதலில், கட்டியக்காரன் வேசம் கட்டுகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கையில் போன் இல்லாத இளைஞன் இன்று யார்? விருத்தத்தையும் அடவையும் ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொள்வார். வாயில் பிறந்து வாயிலேயே செத்துப்போகிற அந்தப் பேச்சை, பேசினவர் சம்மதத்தோடு, அவர் பேரைப் போட்டு, எழுத்தில் கொண்டுவாருங்கள். ரெண்டாவது, கீழே விழுகிற கிண்டலைக் களத்திலேயே நிறுத்துங்கள். சண்டை போட வேண்டாம், சிரிக்காமல் இருந்தால் போதும். சிரிப்பு வராத இடத்தில் எந்தக் கோமாளியும் ரெண்டாம் முறை கால் வைக்க மாட்டான். மூணாவது, ஏவலாளை மையமாக வைத்து ஒரு ராத்திரிக் கூத்து எழுதுங்கள். பிராதிகாமி திரௌபதியின் கேள்வியோடு சபைக்கு வந்த அந்த நாழிகையே ஒரு முழுக் கூத்துக்குத் தாங்கும். அவன் வீடு எது, பெண்டாட்டி யார், அவளை யாராவது பணயம் வைத்தார்களா, அடுத்த நாள் அவனுக்கு வேலை இருந்ததா? வியாசர் எழுதாமல் விட்ட ராத்திரி அது. நமக்காகத்தான் விட்டுவைத்தார் என்று எடுத்துக்கொள்வோம்.

இனி எந்தக் களத்திலாவது திரை பிடித்ததும் கட்டியக்காரன் வழக்கம்போலக் கேட்கட்டும்: வந்திருப்பது யார், எந்த தேசம்? கூட்டத்திலிருந்து நம்ம ஆள் ஒருத்தர் எழுந்து, 'அது இருக்கட்டும்பா, கேக்கிற நீ யாரு, எந்த ஊரு?' என்று கேட்கணும். அவன் பதில் சொல்லி முடிக்க ஒரு ராத்திரி போதாது. ராஜாக்கள் திரைக்குப் பின்னால் காத்திருக்கட்டும். அவர்களுக்கு டீ இருக்கிறது.